என் பேர் எழுதின சீட்டு

உட்காருங்கள், இடம் இருக்கிறது. அந்தப் பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள், உள்ளே கேக் இருக்கிறது. மேலப்பாளையம் பஸ்தான், சந்தேகம் வேண்டாம். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். அவர் வந்து, கண்டக்டர் வந்து, இந்தப் பஸ் பாளையங்கோட்டையை விட்டுக் கிளம்புவதற்குள் அடுத்த கிறிஸ்மஸ் வந்துவிடும்.

நன்றி, நன்றி. காலையிலிருந்து வாயைத் திறந்து வாழ்த்துச் சொன்ன மூன்றாவது ஆள் நீங்கள். மற்றவர்கள் எல்லாரும் போனில் மெழுகுவர்த்திப் படம் அனுப்பினார்கள். நூற்றுப் பதினெட்டு மெழுகுவர்த்தி. இனி கரண்ட் போனாலும் எங்கள் வீட்டுக்குக் கவலையில்லை.

நான் வாத்தியார். புவியியல். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருஷம். உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும், கேட்கலாமா? தெரியாதவரிடம்தான் கேட்க முடியும். தெரிந்தவர்கள் தீர்ப்பை முதலில் எழுதி வைத்துக்கொண்டுதான் வழக்கையே கேட்கிறார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்மஸ் பிரெண்ட் என்று ஒன்று உண்டு. டிசம்பர் முதல் தேதி, ஆசிரியர்கள் எல்லார் பேரையும் சீட்டில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுப்போம். யார் பேர் வருகிறதோ அவர்தான் அந்த மாதம் நமக்குப் பிரெண்ட். வெளியே சொல்லக்கூடாது. தினமும் அவருக்காக ஜெபிக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் மேஜையில் சின்னதாக ஏதாவது வைக்க வேண்டும். அரையாண்டுப் பரீட்சை முடிகிற அன்று எல்லாரும் கூடி, ஒவ்வொருவராக எழுந்து, தன் பிரெண்ட் யார் என்று சொல்லிப் பரிசு கொடுக்க வேண்டும். மற்றப் பதினோரு மாதமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறவர்களுக்கு ஒரு மாதத் தண்டனை, அவ்வளவுதான்.

தன் பேரே தனக்கு வந்தால் மடித்துத் திரும்பப் போட்டுவிட வேண்டும். இது சட்டம். சட்டத்தை எழுதினவனே நான்தான். சீட்டை எழுதுகிறவனும் நான்தான், என் கையெழுத்து நன்றாக இருக்கும். பதினேழு சீட்டு. எல்லாரும் எடுத்த பிறகு கடைசியாக நான் எடுப்பேன். மூத்தவன் இல்லையா, அந்தத் தியாகத்தைப் பல வருஷமாகச் செய்து வருகிறேன். இந்த வருஷம் டப்பாவுக்குள் கையை விட்டால் ஒற்றைச் சீட்டு கிடந்தது. பிரித்தால், அருமைநாயகம்.

நான்தான் அருமைநாயகம்.

என்ன செய்திருக்க வேண்டும்? என் பேரே வந்துவிட்டது, எல்லாரும் சீட்டைத் திரும்பப் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தலைமையாசிரியை ஹெலன் மேடம் அதற்குள் ஜெபத்தை முடித்து எழுந்துவிட்டார். மணி அடித்துவிட்டது. பதினாறு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி குலுக்கி, எதற்கு எல்லாருக்கும் தொந்தரவு என்று நினைத்தேன். பிறர் நலன். அப்படித்தான் நினைத்தேன் என்று மூன்று நாள் நம்பிக்கொண்டும் இருந்தேன். நாலாம் நாள் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்தால், அது பிறர் நலனுக்காக உழைக்கிற முகமாகத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், சார். ஐம்பத்தாறு கிறிஸ்மஸில் ஒன்றில்கூட நான் கேட்டது எனக்கு வந்ததில்லை.

என் அப்பா ஒரு சின்னச் சபைக்கு உபதேசியார். நாங்கள் நாலு பேர், நாலும் ஆண். பண்டிகைக்கு ஒரே துணியாக எடுத்து நாலு பேருக்கும் சட்டை தைப்பார். மிச்சத் துணி ஜன்னலுக்குத் திரை. ஆராதனையில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்தால் பெஞ்சுக்கு உறை போட்ட மாதிரி இருக்கும். எனக்குப் பத்து வயதில் ஒரே வேண்டுதல்தான்: வேறு நிறம். டிசம்பர் முழுக்க உருகி உருகிக் கேட்டேன். ஆண்டவர் கேட்டுவிட்டார். அந்த வருஷம் வேறு நிறம்தான் வந்தது. நாலு பேருக்கும்.

பதினேழு வயதில் சட்டை ஆசை போய்த் தபால்காரர்மேல் ஆசை வந்தது. எங்கள் சபையில் ஒரு பெண். பேர் வேண்டாம், இப்போது பேத்தி எடுத்துவிட்டாள். அவளிடமிருந்து ஒரே ஒரு வாழ்த்து அட்டை வந்தால் போதும், கர்த்தரே, நான் உம்முடைய ஊழியத்துக்கே வந்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். வந்தது. 'உபதேசியார் அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும்.' குடும்பத்தாரில் நானும் அடக்கம், இல்லை என்று சொல்ல முடியாது. ஊழியத்துக்குப் போகாமல் வாத்தியார் வேலைக்கு வந்ததற்கு அதுதான் காரணம்.

கல்யாணமானதும் வாங்குகிற காலம் முடிந்து கொடுக்கிற காலம் வந்தது. கொடுப்பதே பாக்கியம் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். சொல்கிறவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் வாங்கினது நிறைய இருக்கும். நான் குறை வைக்கவில்லை. மகன் நீலச் சைக்கிள் கேட்டான். கறுப்பு வாங்கிக் கொடுத்தேன், அழுக்குத் தெரியாது. எஸ்தர், என் மனைவி, கழுத்துக்கு ஏதோ கேட்டாள். குக்கர் வாங்கினேன், அவளுக்குத்தானே உபயோகம்? இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது.

இப்போது மகன் சென்னையில். போன மாதம் போன் போட்டு, கிறிஸ்மஸுக்கு உங்களுக்கு என்ன வேணும்பா என்று கேட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். யோசித்துச் சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். 'சரி, நானே ஆர்டர் போட்டுட்டேன்' என்றான். அதுதான் இது, போட்டிருக்கிறேனே, இந்தச் சட்டை. பண்டிகைக்குக் கறுப்புச் சட்டை, கேளுங்கள் அநியாயத்தை. அழுக்குத் தெரியாதாம். இந்தப் புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அவன் அம்மா வழியில் வந்திருக்கும்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். இத்தனை வருஷக் கிறிஸ்மஸ் பிரெண்டுகளில் பதினோரு பேர் எனக்குச் சுவர்க் கடிகாரம் தந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் நேரமாகிக்கொண்டிருக்கும்.

ஆகவே என் பேர் என் கைக்கு வந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: முதல் தடவையாக, என்னை நன்றாகத் தெரிந்த ஒருத்தனிடம் என் சீட்டு போயிருக்கிறது. அவனுக்கு என்ன வேண்டும் என்று யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை.

மூன்று சாயங்காலம் கடைகடையாக ஏறி இறங்கினேன். வாட்சு இருக்கிறது. செருப்பு இருக்கிறது. பேனா இருக்கிறது. புத்தகம் வாங்கலாம், இருக்கிறதையே படிக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் பொறுமையிழந்து, யாருக்கு சார் பார்க்கீங்க என்றார். ஒரு நண்பருக்கு என்றேன். வயசு என்ன இருக்கும்? ஐம்பத்தாறு. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, சார். உள்ளே போய் ஒத்தடப் பையை எடுத்துக்கொண்டு வந்தார், கரண்டில் சொருகினால் சூடாகுமே, அது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாங்கிக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றவில்லையே.

ஜெபமும் பண்ண வேண்டும் அல்லவா. சட்டம் எழுதினவனே மீறலாமா? காலையில் முழங்காலில் நின்று, கர்த்தரே, அருமைநாயகத்துக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று ஆரம்பிப்பேன். முதல் நாள் சுகம் கேட்டேன். இரண்டாம் நாள் முழங்காலுக்கு மட்டும் தனியாகக் கேட்டேன், நிற்கிறதே அதில்தானே. மூன்றாம் நாள் 'அருமைநாயகத்துக்கு' என்றதோடு நின்றுவிட்டது. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருப்பானே, அப்படி நின்றேன். பிறகு ஆமென் சொல்லி எழுந்துவிட்டேன்.

இதோ, டிரைவர் வந்துவிட்டார். கொஞ்சம் இப்படி நகர்ந்துகொள்ளுங்கள், ஜன்னலோரம் வெயில் அடிக்கும்.

இனிமேல்தான் விஷயமே. ஐந்தாம் தேதி காலையில் என் மேஜையில் ஒரு பொட்டலம். கடலை மிட்டாய். கூடவே கொட்டை எழுத்தில் ஒரு துண்டுத் தாள்: 'உங்களுக்காகத் தினமும் ஐந்து வேளை வேண்டிக்கொள்கிறேன். இப்படிக்கு, உங்கள் கிறிஸ்மஸ் பிரெண்ட்.'

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் சீட்டு என் பர்ஸில் இருக்கிறது. என் பேர் வேறு யாரிடமும் இருக்க முடியாது. அப்படியானால் இது யார்? ஒரு மோசடி நடக்கிறது, அதை வெளியே சொன்னால் என் மோசடி முதலில் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு கடலை மிட்டாயைத் தின்றேன்.

ஐந்து வேளையாம். எங்கள் திருமண்டலத்தில் பேராயரிலிருந்து கோயில் மணி அடிக்கிறவர் வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து வேளை ஜெபிக்கிற ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம். சாப்பாட்டுக்கு முன்னால் பண்ணுகிற ஜெபத்தைச் சேர்த்தாலும் நாலுதான் வரும். யாரோ பக்திமான் வேஷம் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை, என்ன செய்ய?

பிறகும் வந்துகொண்டேயிருந்தது. பரீட்சைத் தாள் திருத்துகிற சமயத்தில் என் பேனாவுக்குச் சரியான சிவப்பு ரீஃபில் நாலு. அதே வாரத்தில், மாடியில் இருந்த என் ஒன்பதாம் வகுப்பு கீழே மாறிவிட்டது, இருபத்தாறு படி மிச்சம். அதை நான் பரிசில் சேர்க்கவேயில்லை. டைம்டேபிள் தானாக மாறியது என்று நினைத்தேன். டைம்டேபிள் போடுகிறவர் கணக்கு வாத்தியார் மைதீன் பிச்சை. அவருக்கு ஆயிரம் வேலை.

ஆமாம், அவரேதான். பொறுங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்டாஃப் ரூமில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது, பதினெட்டு வருஷமாக. எங்களுக்குள் ஃபேன் தகராறு. எனக்கு இரண்டாம் நம்பரில் ஓட வேண்டும், அவருக்கு ஐந்து. அதனால் மூன்றரையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அதிருப்தியாக உட்கார்ந்திருப்போம். வருஷா வருஷம் சீட்டு எடுத்ததும் என்னிடம் வந்து, 'சார், பிரெண்டுக்கு எங்க முறையில வேண்டலாம்லா?' என்று கேட்பார். வேண்டலாம், மார்க் குறையும் என்பேன். சிரிப்பார். ரம்ஜானுக்கு எங்கள் வீடு தேடி வந்து பிரியாணி கொடுத்துவிட்டுப் போவார். கறி கொஞ்சம் குறைவாக இருக்கும். நான் அவர் வீட்டுக்குப் போனதில்லை. போகக்கூடாது என்று இல்லை. சந்தர்ப்பம் வரவில்லை. பதினெட்டு வருஷமாக.

அவர்மேல் எனக்குச் சந்தேகமே விழவில்லை. நான் சந்தேகப்பட்டது தையல் டீச்சர் பியூலாவை. வெள்ளிக்கிழமை மட்டும் என் மேஜைக்குச் சாமான் காலையில் வருவதில்லை, மத்தியானம் இரண்டரைக்கு மேல்தான் வரும். பியூலா பெந்தெகொஸ்தே சபை, வெள்ளிக்கிழமை உபவாசம். ஆகவே அவர்தான் என்று துப்புத் துலக்கி, நன்றியாக அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

இருபத்துமூன்றாம் தேதி கடைசிப் பரீட்சை. மத்தியானம் கூட்டம். பாட்டு, வேதபாடம், கேக். நான் ஒத்தடப் பையைப் பளபளவென்று தாள் சுற்றி என் பைக்குள் வைத்திருந்தேன். என்ன திட்டம் என்றால், என் முறை வரும்போது எழுந்து, சீட்டைத் தூக்கிக் காட்டி, பாருங்கள் வேடிக்கையை, என் பேரே எனக்கு வந்துவிட்டது என்று சிரித்துவிடுவது. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கூடப் பழகியிருந்தேன். பழகினபோது நன்றாகத்தான் வந்தது.

ஒருவர் கொடுக்க, வாங்கினவர் எழுந்து தன் பிரெண்டுக்குக் கொடுக்க, அப்படியே சுற்றி வந்தது. மைதீன் பிச்சை பியூலாவுக்கு ஒரு கூடை கொடுத்தார். எல்லார் மடியிலும் ஒரு பொட்டலம் இருந்தது, என் மடியைத் தவிர. ஹெலன் மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அருமை சாருக்கு இன்னும் யாரும் தரலியே, கொடுக்காதவங்க யாரு என்று கேட்டார். யாரும் எழும்பவில்லை. கொடுக்காதவன் நான் ஒருவன். வாங்காதவனும் நான் ஒருவன்.

'சார் தம்பேரையே எடுத்து உள்ள வச்சிருப்பாரு' என்றான் ஜெபராஜ். எங்கள் பி.டி. வாத்தியார். அவன் வாயிலிருந்து வருகிறது எப்போதும் வேடிக்கைதான். எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம், சார். அந்தச் சிரிப்போடு சேர்ந்து சீட்டை எடுத்துக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். எழுந்தேன். கை பர்ஸ் வரைக்கும் போனது. வாய் வரவில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. கடைசியில் ஜெபராஜும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். வேடிக்கைக்குச் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்று அவனுக்கே சங்கடம். இருபத்தொன்பது வருஷ சர்வீஸ், சபையில் கமிட்டி மெம்பர், மூத்த ஆசிரியர், தன் பேரைத் திருடி வைத்துக்கொண்டு நிற்கிறான்.

அப்போது மைதீன் பிச்சை எழுந்தார்.

'மேடம், தப்பு எம்மேல. அன்னைக்கு எனக்கு ரெண்டு சீட்டு ஒட்டி வந்துட்டு. வீட்டுல போய்த்தான் பார்த்தேன். ஒண்ணு பியூலா டீச்சர், ஒண்ணு நம்ம சார். அப்பம் கடைசியா கை விட்ட சாருக்கு டப்பால ஒண்ணும் இருந்திருக்காது. சொன்னா எல்லாரும் மறுபடி எடுக்கணும்னு அவுக ஒரு மாசமா வாயத் திறக்கல.'

கணக்கு வாத்தியார் அல்லவா, விடை எங்கேயும் இடிக்கவில்லை.

கைதட்டினார்கள், சார். ஹெலன் மேடம் எழுந்து நின்று தட்டினார். தனக்கு இல்லை என்றாலும் பிறர் சந்தோஷம் கெடக்கூடாது என்று நினைத்த உள்ளம் என்று ஐந்து நிமிஷம் பேசினார். ஜெபராஜ் வந்து என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். நான் என்ன செய்தேன்? தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மையில் குனிந்தேன் என்று அதற்கும் தட்டினார்கள்.

மைதீன் பிச்சை ஒரு பார்சலைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, ரம்ஜான் பெருநாளில் செய்கிற மாதிரி மூன்று தடவை கட்டிப் பிடித்தார். மூன்றாவது தடவை காதோடு சொன்னார்: 'சீட்ட மொதல்ல கிழிச்சிப் போடுங்க சார்.'

முதல் தேதியே பார்த்திருக்கிறார். பக்கத்து நாற்காலி. ஸ்டாஃபிலேயே நீளமான பேர் என்னுடையதுதான், பிரிக்கும்போதே தெரிந்திருக்கும். பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில், கிறிஸ்மஸ் கூட்டத்தில், வேதபாடம் வாசித்த கையோடு, இப்படி ஒரு முழுப் பொய்யை எனக்காகச் சொல்லலாமா? அவரை யார் கேட்டது? அவமானம் என் சொந்தம், அதை நான் பட்டிருப்பேன். இப்போது புகழை அல்லவா பட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அடுத்தது. எஸ்தர் என் பையை எடுத்து, பளபளத் தாளைப் பிரித்துவிட்டாள். ஒத்தடப் பையை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டு, 'எனக்கு இடுப்பு வலின்னு நான் சொல்லவேயில்லையே, எப்படித் தெரியும்?' என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குத் தெரியாது, சார். அவளுக்கு இடுப்பு வலிக்கிற விஷயம் அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரியும். 'தெரியும்' என்றேன். ஒரே நாளில் இரண்டு பேர் என்னை நல்லவனாக்கிவிட்டார்கள். இன்னொருவர் கிடைத்திருந்தால் பரிசுத்தவானாகவே ஆகியிருப்பேன்.

மைதீன் பிச்சை தந்த பார்சலை நான் பிரிக்கவில்லை. கேக்குக்குப் பக்கத்தில் பச்சைத் தாள் சுற்றி இருக்கிறதே, அதுதான். பிரித்தால் வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இன்று ஆராதனை முடிந்து வந்ததும் எஸ்தர்தான் கேக்கை வெட்டி டப்பாவில் வைத்து, 'ஒங்களுக்கு வேண்டிக்கிட்டவுக வீட்டுக்கு நேர்ல போய்க் குடுத்துட்டு வாங்க' என்றாள். சரி, கேக்கைக் கொடுத்துவிட்டு இதைத் திருப்பியும் கொடுத்துவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உண்மையைச் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு எந்த உண்மையைச் சொல்வது? எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள், பொய் சொன்னது சரியா? அதை விடுங்கள். அதற்கு நானே பதில் சொல்லிவிடுவேன். என்னைக் குடைகிறது வேறு ஒன்று.

இருபத்துமூன்று நாள் அந்த மனுஷன் எனக்காக எதையோ கேட்டிருக்கிறார். நாளைக்கு ஐந்து வேளை, நூற்றுப் பதினைந்து தடவை. அவர் ஒன்றைக்கூட விட்டிருக்க மாட்டார். என் பேரை நானே கையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் நாளே கேட்க ஒன்றுமில்லாமல் எழுந்துவிட்டேன். எனக்காகக் கேட்க அவருக்கு மட்டும் என்ன இருந்தது? அதைத்தான் கேட்கப் போகிறேன். சுகம் என்று சொன்னால் சரி, நன்றி சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். வேறு ஏதாவது சொன்னால்? எனக்குக் கேட்கவே தோன்றாத ஒன்றை அவர் நூற்றுப் பதினைந்து தடவை கேட்டிருந்தால், அது எனக்கு வந்ததா வரவில்லையா என்று நான் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

இதுதான் பஜார் ஸ்டாப்பா? கண்டக்டர், ஒரு ஆள் இறங்கணும். கொஞ்சம் இந்தப் பையைப் பிடியுங்கள் சார், இந்த முழங்கால் உட்கார்ந்தால் எழும்புவதற்கு நேரம் கேட்கிறது. ஆச்சு. கேக் டப்பாவை நீங்கள் படியில் நின்று நீட்டினால் போதும், வாங்கிக்கொள்வேன்.

இல்லை, பச்சைத் தாள் பார்சலை அப்படி நீட்ட வேண்டாம். அதை இப்போதே என் கையில் கொடுத்துவிடுங்கள்.